பூச்சிப் படமும் முகத்துக்கு நேரே சொல்லும் விமர்சனமும்



முன்பெல்லாம் செடியில் பூச்சி விழுந்தால் ஓர் இலையைக் கிள்ளி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார்கள். இப்போது இலை போவதில்லை, படம் போகிறது. கைபேசியில் ஒரு தட்டு தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் மருந்தின் பெயர் திரும்பி வருகிறது. இயற்கை வழியில் போகிற நாமும் இதற்கு விலக்கில்லை. நாம் கடைக்காரருக்கு அனுப்பாமல் குழுவுக்கு அனுப்புகிறோம். "வேப்பங்கொட்டைக் கரைசல் அடிங்க", "அக்னி அஸ்திரம் அடிங்க" என்று பதில் வருகிறது. கரைசல் இயற்கையானதாக இருக்கலாம். ஆனால் காரமான கரைசல் எதுவும் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று ஆள் பார்த்துப் போய் விழுவதில்லை.

ஆக, அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு இன்று ஒரு படத்தின் மேல் நிற்கிறது. அந்தப் படத்தை எப்படி எடுப்பது, எடுத்த படத்தை எப்படிப் பார்ப்பது, பிறர் குறை சொன்னால் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று எங்கள் பகுதிக் குழுவில் சில வருடங்களாகப் பழகி வருகிறோம். பழனி, ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் காய்கறி, கொய்யா, மக்காச்சோளம், தென்னை வைத்திருப்பவர்கள் நாங்கள். பழகியதில் தேறியதை இங்கே பாடமாகவே எழுதுகிறேன்.

கருவி

பெரிய கேமரா தேவையில்லை. கைபேசியின் லென்சு மேல் மாட்டுகிற 'மேக்ரோ கிளிப் லென்ஸ்' சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால், பூச்சி பார்க்க வைத்திருக்கும் பத்து மடங்கு கைலென்சைக் கைபேசி லென்சுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்தாலே போதும். இரண்டு விரலால் திரையை விரித்து 'ஜூம்' செய்து எடுப்பது இதற்கு ஈடாகாது. பெரும்பாலும் அது இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக எதையும் காட்டுவதில்லை. கிட்டப் போவதுதான் வழி.

கிட்டப் போகும்போது ஒரு சிக்கல் வரும். தூரத்தில் இருந்து எடுத்தால் மரமும் வேலியும் மலையும் சேர்ந்து தெளிவாக விழும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும்போது தெளிவாக விழுகிற ஆழம் ஓரிரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும். முதுகு தெளிவாக இருந்தால் தலை மங்கும். அதனால் எது நமக்குத் தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த இடத்தைத் திரையில் விரலால் தொட்டு 'ஃபோகஸ்' செய்ய வேண்டும். பூச்சியின் முதுகு முழுவதும் வேண்டுமென்றால் கைபேசியை அந்த முதுகுக்குச் சமதளமாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பாதிதான் கிடைக்கும்.

எடுக்கும் நேரமும் முறையும்

விடியற்காலைதான் தோதான நேரம். பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. இரவுக் குளிரில் விறைத்து, பனி ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறி உடம்பு காய்ந்த பிறகுதான் ஓட்டமும் பறத்தலும். காலை ஏழு மணிக்குள் போனால் காற்றும் அடங்கியிருக்கும்.

உச்சி வெயிலில் எடுக்க வேண்டி வந்தால் நம் நிழலைப் பூச்சி மேல் போடக்கூடாது. திடீரென்று நிழல் விழுந்தால் பறந்துவிடும். வெள்ளை வேட்டித் துணியையோ எண்ணெய்த் தாளையோ செடிக்கு மேலே யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் வடிகட்டி விழும். பளபளக்கும் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிற மினுக்கம் அடங்கி, உண்மையான நிறம் தெரியும்.

காம்பை இடது கையின் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் கைபேசியைத் தாங்கினால் செடி ஆடினாலும் கேமராவும் சேர்ந்து ஆடும், படம் மங்காது. மூச்சை விட்டுவிட்டு எடுங்கள். பத்துப் பதினைந்து எடுத்தால் ஒன்றிரண்டு தேறும். மிச்சத்தை அன்றே அழித்துவிடுங்கள்.

ஒரு பூச்சிக்கு நான்கு படம்

எங்கள் குழுவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

1. செடி முழுதும் தெரிகிற படம். எந்தப் பயிர், என்ன பருவம், பாதிப்பு அடியிலா நுனியிலா என்று இதில் தெரியும்.
2. இலையின் அடிப்பக்கம். கதை பாதி அங்கேதான் நடக்கிறது. முட்டை, குஞ்சு, கழிவு, உரித்த தோல் எல்லாம் அங்கே கிடக்கும்.
3. பூச்சியின் அருகாமைப் படம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. புழு என்றால் தலையும் வால் பகுதியும் தெரிய வேண்டும்.
4. அளவு தெரிகிற படம். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வையுங்கள். ஸ்கேல் இல்லையா, ஒரு நெல்மணி போதும்.

கூடவே தேதி, நேரம், பயிரின் வயது மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். வங்கியில் 33 வருடம் கோப்பு பார்த்தவன் என்பதால் இதில் நான் கொஞ்சம் கறார். தேதி இல்லாத காகிதத்துக்கு அங்கே மதிப்பில்லை, தேதி இல்லாத படத்துக்கும் அப்படித்தான்.

குறை சொல்லும் கூட்டம்

மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு நண்பரின் தோட்டத்துச் சாளையில் கூடுகிறோம். ஆளுக்கு மூன்று பூச்சி. படத்தை டிவியில் பெரிதாகப் போடுவோம். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர் வருவார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

ஆரம்பத்தில் நடந்தது என்ன தெரியுமா? படம் வந்ததும் "சூப்பர்", "அருமைங்க", "நேஷனல் ஜியாகிரபிக் தோத்துது" என்று சொல்லிவிட்டு டீ குடிப்போம். படம் எடுத்தவருக்கு மகிழ்ச்சி. பயிருக்கு என்ன லாபம்? வங்கிக் கிளைக்கு ஆய்வு அதிகாரி வந்து "நல்ல கிளை" என்று எழுதிவிட்டுப் போனால் கிளைக்கு ஒன்றும் கிடைக்காது. "இந்தக் கடன் கோப்பில் அடங்கல் நகல் இல்லை, அந்தக் கோப்பில் நில அளவு பொருந்தவில்லை" என்று எழுதினால்தான் கிளை திருந்தும். அந்த அறிக்கையைப் படிக்கும்போது வயிறு எரியும், ஆனால் பின்னாளில் கிளையைக் காப்பாற்றுவதும் அதுதான்.

அதனால் ஒரு முறை வைத்தோம். படத்தைப் பார்க்கிறவர் மூன்றே விஷயம் சொல்ல வேண்டும். முதலில், படத்தில் என்ன தெரிகிறது. இரண்டாவது, என்ன தெரியவில்லை. மூன்றாவது, அடுத்த படம் எப்படி எடுத்தால் அது தெரியும். "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" இரண்டுக்கும் இடமில்லை. படம் எடுத்தவர் முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது. "அன்னிக்குக் காத்து ஜாஸ்தி", "நேர்ல பார்த்தா நல்லாத் தெரிஞ்சது" என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் காது மூடிக்கொள்ளும். எழுதிக்கொள்ள மட்டும் வேண்டும்.

இதனால் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு கதை சொல்கிறேன்.

கொய்யாவில் வெள்ளை

ஆயக்குடிப் பக்கம் கொய்யா வைத்திருக்கும் ஒரு தம்பி. வேலையை விட்டுவிட்டு வந்து இயற்கை வழியில் இறங்கி இரண்டாவது வருடம். இலை, காய்க்காம்பு எல்லாம் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கிற படம் கொண்டுவந்தார். படம் தெளிவு. ஆனால் முகத்தில் களையில்லை. அப்பா மருந்துக்கடையில் சொல்லி பாட்டில் வாங்கி வைத்துவிட்டாராம். "இன்னிக்கு சாயந்திரம் அடிச்சே ஆகணும்னு நிக்கிறாரு" என்றார்.

டீச்சர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, எல்லாமே வெள்ளையாத் தெரியுது. எது பெருசு, எது சின்னதுன்னு தெரியல. ஒரு ஸ்கேல் வச்சு இன்னொரு படம் எடுத்துட்டு வாங்க. ஒரு ஈர்க்குச்சியால தொட்டும் பாருங்க. எது ஓடுது, எது அப்படியே உக்காந்திருக்குன்னு பார்க்கணும்."

"செடி பாழாப் போயிட்டிருக்கு டீச்சர். நீங்க படத்தைப் பத்திப் பேசறீங்களே!"

"படத்துல இல்லாததை நான் எப்படிச் சொல்றது? இது மாவுப்பூச்சி மட்டும்தான்னு இந்தப் படத்தை வச்சு யாரும் சொல்ல முடியாது. ஒரு ராத்திரி பொறுங்க."

தம்பி கோபத்தோடுதான் போனார். மறுநாள் காலை ஏழரைக்கு எனக்குப் படம் வந்தது. ஸ்கேல் ஓரத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டரில் மாவுப்பூச்சிகள். நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், உடம்பெல்லாம் நீள நீளமான வெள்ளை மெழுகு இழையோடு வேறொன்று. குச்சி பட்டதும் வேகமாக நடந்ததாம். அது மாவுப்பூச்சி அல்ல, மாவுப்பூச்சியைத் தின்கிற கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவில் இருந்து 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. வளர்ந்த வண்டு கறுப்பு முதுகும் ஆரஞ்சு நிறத் தலையுமாக இருக்கும், அடையாளம் சுலபம். புழுப் பருவத்தில் அது தன் இரையைப் போலவே வெள்ளை உடுத்தியிருக்கும். ஸ்கேல் இல்லாத படத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டி, "இதுக்கும் சேர்த்துத்தான் விஷம் வாங்கியிருக்கீங்க" என்று சொல்லியிருக்கிறார் தம்பி. பாட்டில் பிரிக்கப்படவில்லை. மாவுப்பூச்சி சுரக்கும் தேன் போன்ற திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். அதனால் எறும்பு ஏறாமல் அடிமரத்தில் பிசின் பட்டை கட்டினார். அதிகம் அப்பிய நுனிகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்தினார். அந்த நுனியிலும் வண்டின் புழு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார். ஐந்தாறு வாரத்தில் வெள்ளை குறைந்தது. சில காய் போனது போனதுதான். ஆனால் அப்பாவும் மகனும் அன்றிலிருந்து சேர்ந்து தோட்டத்துக்குள் நடக்கிறார்கள்.

மக்காச்சோளக் குருத்தில் ஒரு புழு

இரண்டாவது கதை நேர் எதிர். இதைத்தான் நம்மவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

பதினைந்து வருடமாக விஷமே தொடாத மூத்த விவசாயி ஒருவர். மக்காச்சோளக் குருத்தில் பனித்துளி, அதில் பாதி உடம்பு மறைந்த ஒரு புழு, பின்னால் காலை வெளிச்சம். பார்க்கவே அழகு. எல்லோரும் "ஆகா" என்றார்கள். "சாதாரணப் புழுதாங்க. குருவியும் கரிச்சானும் பார்த்துக்கும்" என்றார் அவர்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும், எழுந்தார். "அண்ணா, தலை குருத்துக்குள்ள இருக்கு. அது தெரியாம முழுசாச் சொல்ல முடியாது. ஆனா வால் பக்கம் பாருங்க. கடைசிக்கு முந்தின கணுவுல நாலு கறுப்புப் புள்ளி சதுரமா இருக்கற மாதிரித் தெரியுது. இது படைப்புழுவா இருக்கலாம். இன்னிக்கே தலையைப் படமெடுங்க."

சாளையே அமைதியாகிவிட்டது. அவர் வயதில் பாதிகூட இல்லாத பெண். அவர் முகம் சுருங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் சட்டப்படி பேசாமல் எழுதிக்கொண்டார்.

அமெரிக்கப் படைப்புழு 2018-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, அதே வருடம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு இரண்டு அடையாளம். தலையின் முன்பக்கத்தில் நாம் குருவிக்குக் கல் எறியும் கவட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி வெளிர் கோடு. வாலுக்கு முந்தின கணுவில் சதுரத்தின் நான்கு மூலை போல நான்கு கறும்புள்ளி. புழு பெரிதாகிக் குருத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் அதன் கழிவே வாசலை அடைத்துவிடும். அப்புறம் எந்தக் கரைசல் அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. நாள் கணக்கில் தாமதித்தால் விளைச்சல் போய்விடும்.

அன்று மாலையே அவர் குருத்தை விலக்கித் தலையைப் படமெடுத்து அனுப்பினார். கவட்டை தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் வயலில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக எண்ணினார். நூற்றில் இருபத்து மூன்றில் குருத்து கடிபட்டிருந்தது. வீட்டில் எல்லோரும் இறங்கி முட்டைக் குவியலை நசுக்கினார்கள், கடிபட்ட குருத்தில் மணல் போட்டார்கள், மாலை வேளையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பி.டி. நுண்ணுயிரிக் கரைசலைக் குருத்துக்குள் விழுகிற மாதிரி தெளித்தார்கள். விளைச்சல் முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனால் காடு கைவிட்டுப் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர் டிவி பக்கம் போகாமல் நேரே அந்தப் பெண்ணிடம் போய்க் கைபேசியை நீட்டி, "மொதல்ல நீ பார்த்துச் சொல்லும்மா" என்றார்.

விஷம் அடிக்கிறவர் கண்ணுக்கு எல்லாப் பூச்சியும் எதிரியாகத் தெரிகிறது என்று நாம் குறை சொல்கிறோம். நம் கண்ணுக்கு எல்லாப் பூச்சியும் நண்பனாகத் தெரிகிற ஆபத்தும் உண்டு. இரண்டையும் தடுப்பது, படத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்கிற இன்னொரு ஜோடிக் கண்.

எங்கே உற்றுப் பார்க்க வேண்டும்

அருகாமைப் படம் எடுக்கும்போது எந்த இடம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்குச் சில உதாரணங்கள்.

கத்தரியில் புள்ளி வைத்த வண்டு: நல்ல பொறிவண்டின் முதுகு வழவழவென்று மின்னும். கத்தரி இலையைச் சுரண்டித் தின்கிற எபிலாக்னா வண்டின் முதுகில் மெல்லிய ரோமம் இருக்கும், மங்கலாகத் தெரியும். புள்ளியை எண்ணுவதை விட இந்தப் பளபளப்பைப் பாருங்கள். நரம்பு மட்டும் வலை போல மிஞ்சிய இலையையும் சேர்த்து எடுங்கள். இரண்டின் முட்டையும் மஞ்சள் நிறத்தில் நட்டு வைத்தாற்போல்தான் இருக்கும். பக்கத்தில் அசுவினி இருக்கிறதா என்பது படத்தில் தெரிந்தால்தான் யார் முட்டை என்று ஊகிக்க முடியும்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ: 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது முதல் நம்மைப் படுத்துகிறது. ஓலையின் அடிப்பக்கத்துக் கூட்டுப்புழுக்களை மிக அருகில் எடுங்கள். வெள்ளை ஈ தானாக வெளியேறிய கூட்டில் ஆங்கில எழுத்து 'டி' போன்ற கீறல் இருக்கும். என்கார்சியா என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி அதைத் தின்றுவிட்டு வெளியேறியிருந்தால் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை இருக்கும். வட்ட ஓட்டை நிறைய இருந்தால் உங்கள் தோப்பில் ஏற்கெனவே வேலை நடக்கிறது என்று பொருள். அங்கே விஷம் அடித்தால் வேலைக்காரனைத்தான் கொல்வீர்கள்.

அசுவினி: கூட்டத்தின் நடுவே உப்பி, பழுப்பாக, அசையாமல் இருக்கிறவை ஒட்டுண்ணிக் குளவி புகுந்தவை. நூல் போன்ற காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகளைப் பூஞ்சாணம் என்று பலர் துடைத்துவிடுகிறார்கள். அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதன் புழு அசுவினியை வேட்டையாடும்.

கண்ணுக்குத் தெரியாத அளவு குளவி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்டு பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெளுக்க வைத்த பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கொண்டுவந்து விட்ட அசரோபேகஸ் என்ற குளவிதான் அடக்கியது.

அருகாமைப் படம் சொல்லாத ஒன்று

எவ்வளவு நல்ல அருகாமைப் படமும் ஒரு விஷயத்தைச் சொல்லாது. எத்தனை பூச்சி என்பதுதான் அது. ஒரே ஒரு புழு திரை முழுதும் நிறைந்து பல்லைக் காட்டும்போது வயலே போச்சு என்று தோன்றும். 'யார்' என்று அந்தப் படம் சொல்லும். 'எத்தனை' என்பதற்கு வயலில் நடந்துதான் ஆக வேண்டும். குறுக்கும் நெடுக்கும் நடந்து ஐந்து இடத்தில் செடிகளை எண்ணி, கடித்தது எத்தனை, கடிக்காதது எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். கடன் கேட்பவரின் புகைப்படத்தைப் பார்த்து யாரும் கடன் கொடுப்பதில்லை, வரவு செலவைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். இதுவும் அதே கணக்குதான்.

படத்தில் பொய் கூடாது

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலக அளவில் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி நடத்துகிறது. அதில் 2017-ல் ஒரு பிரிவில் பரிசு பெற்ற படம், பிரேசிலில் இரவில் மின்னும் கரையான் புற்றருகே வந்த ஓர் எறும்புதின்னி. அது உயிருள்ளதல்ல, பாடம் செய்து வைத்த உடல் என்ற சந்தேகம் வந்து, நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அப்படியே சொன்னதால் 2018-ல் அருங்காட்சியகம் பரிசை ரத்து செய்தது. படமெடுத்தவர் அதை மறுத்தார். உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள் இருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

பூச்சிப் படத்திலும் இந்த ஆசை உண்டு. ஓடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது, பசை போட்டு ஒட்டுவது, வேறு செடியில் இருந்த பூச்சியைப் பூவில் தூக்கி வைப்பது என்று பல வேலை செய்கிறார்கள். அழகாக வரும். ஆனால் கத்தரியில் இருந்த பூச்சியைச் செண்டுமல்லியில் வைத்து எடுத்தால், அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிற இன்னொரு விவசாயி ஏமாறுவார். கூட்டைக் கலைக்காமல், இலையைப் பிய்க்காமல், இருந்தது இருந்தபடி எடுக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் நகர்த்தினால் "நகர்த்தினேன்" என்று எழுதிவிட வேண்டும்.

நம் மண்ணில் மா. கிருஷ்ணன் (1912–1996) இதற்கு நல்ல முன்னோடி. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டிய ஒரு கருவியை வைத்துக்கொண்டு, வண்ணப் படம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளை எடுத்தார். பளபளப்பான கருவிதான் நல்ல பதிவைத் தரும் என்று நினைப்பவர்கள் அவர் படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

குறை சொல்வோருக்கும் கேட்போருக்கும்

சொல்பவர் கவனிக்க வேண்டியது: படத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். "உனக்கு எடுக்கத் தெரியல" என்பது விமர்சனமல்ல. "தலை மங்கலா இருக்கு, பக்கவாட்டுல இருந்து ஒண்ணு எடு" என்பது விமர்சனம். படத்தில் இல்லாததை அனுபவத்தை வைத்து இட்டுக்கட்டாதீர்கள். "இந்தப் படத்தை வச்சுச் சொல்ல முடியாது" என்பதும் ஒரு முழுமையான பதில்தான். பல நேரம் அதுதான் சரியான பதில்.

கேட்பவர் கவனிக்க வேண்டியது: "படம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இதை வச்சு என்ன முடிவு எடுக்கலாம், என்ன எடுக்கக் கூடாது?" என்று கேளுங்கள். உங்களை எப்போதும் பாராட்டுகிறவரிடம் காட்டுவதற்கு முன் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் காட்டுங்கள். வயது, படிப்பு, எத்தனை வருட அனுபவம் என்று பார்க்க வேண்டாம். நான்கு புள்ளியைப் பார்த்தவர் யாரோ, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இந்த மாதப் பயிற்சி

உங்கள் தோட்டத்தில் ஏதாவது ஒரு செடியைத் தேர்ந்து நாடா கட்டி அடையாளம் வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், அதன் நான்கு இலைகளின் அடிப்பக்கத்தைப் படமெடுங்கள். ஓரத்தில் ஸ்கேல் இருக்கட்டும். நான்கு வாரம் முடிந்ததும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முட்டை புழுவானது, புழு காணாமல் போனது, யார் யாரைத் தின்றார்கள் என்று அந்தப் பதினாறு படமும் சொல்லும். பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, "இதுல என்ன தெரியலன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் "எல்லாமே அருமைங்க" என்று சொன்னால், இன்னொரு டீ கொடுத்து மறுபடியும் கேளுங்கள்.